நாணல்திட்டில் கயிறு போட்ட வருஷம்

ஜூலை 8

வாழையிலை அறுக்க ஆறு பேர் வரவேண்டிய இடத்தில் நாலு பேர்தான் வந்தார்கள். தனவேலிடம் கேட்டால் மற்ற இருவரும் கோயில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றான். என்ன கூட்டம் என்றேன். கத்தியைத் தீட்டப் போய்விட்டான். அப்போதே எனக்குப் புரிந்தது, என்னைப் பற்றிய கூட்டம்தான்.

மத்தியானம், என்னிடம் கூலிக்கு வரும் அம்சவல்லி வந்து விஷயத்தை உடைத்தாள். இந்த வருஷம் வெள்ளம் வடிந்ததும் கயிறு போடப்போகிறார்கள். என் வேலியைப் பிரித்துக் கயிற்றை உள்ளே விடவேண்டுமாம். கேட்டுவரச் சொன்னது யார் என்றேன். "உன் தம்பிதான். வேற யாரு கேப்பா?" என்றாள்.

என் தம்பி இளவழகனுக்கு என் வாசல் தெரியும். ஐந்நூறு அடி நடந்து வந்து கேட்கலாம். பன்னிரண்டு வருஷமாக ஆள்விட்டுத்தான் பேசுகிறான்.

பிரிக்க முடியாது என்று சொல்லி அனுப்பினேன். பட்டா இருக்கிறது, அளவைக் கல் இருக்கிறது. நான்கு ஏக்கர், மூன்று குடும்பத்திடம் பத்திரம் எழுதி வாங்கியது. யாரிடமும் கெஞ்சிப் பேச வேண்டிய நிலையில் நான் இல்லை.

ஜூலை 10

கயிறு என்றால் என்ன என்று தெரியாத என் சென்னை வாடிக்கையாளர் இன்று போனில் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

கொள்ளிடத்துக்கு நடுவே கிடக்கும் எங்கள் திட்டு ஓரிடத்தில் நிற்பதில்லை. மேற்கே, தண்ணீர் வந்து மோதும் பக்கம், தலை. அங்கே ஆறு தின்னும். கிழக்கே வால். தின்ற மண்ணை அங்கே கொண்டுபோய்ப் போடும். தலையில் இருப்பவன் மட்டும் நிலத்தை இழந்தால் அநியாயம் அல்லவா? அதனால் குடும்பத்துக்கு ஒரு கயிறு, எழுபது முழம். ஆறு தின்ற வருஷங்களில் எல்லோரும் தங்கள் கயிற்றைக் கொண்டுவந்து முடிபோட்டு, தலையிலிருந்து வால்வரை ஒரே கயிறாக இழுப்பார்கள். யாருடைய கயிறு எங்கே விழுகிறதோ, வடகரையிலிருந்து தென்கரைவரை அந்த அகலம் அவர் நிலம். தலையில் இருபது முழம் போனால் எல்லோரும் இருபது முழம் கிழக்கே நகர்வார்கள். நட்ட பயிர் மட்டும் அறுக்கும்வரை நட்டவனுக்கு.

இவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் "அருமைங்க" என்றார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நிலம் இடம்மாறினால் எவன் அதில் கொட்டகை போடுவான், எவன் குளிர் அறை கட்டுவான்? நான் கட்டினேன். திட்டிலேயே சிமெண்டுத் தரை போட்ட ஒரே கட்டடம் என்னுடையது. அதனால்தான் வேலி.

ஜூலை 15

மழை இல்லை. இலை கிழியாமல் வருகிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கு இப்போதே கேட்கிறார்கள்.

ஜூலை 19

காலேஜிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பெயர் ஆசீர்வாதம். பூகோளப் பாடமாம். திட்டின் பாரம்பரியத்தை எழுதப்போகிறார். வந்ததும் பழைய கோயில் எங்கே என்று கேட்டிருக்கிறார். தனவேல் அவரைத் தலைப்பக்கம் கூட்டிப்போய் ஆற்றின் நடுவைக் காட்டியிருக்கிறான். விளையாடுகிறான் என்று அவருக்குக் கோபம்.

நான் விளக்கினேன். கரையம்மனுக்குக் கூரை கிடையாது, சுவர் கிடையாது. ஒரு கருங்கல், அவ்வளவுதான். கயிறு போடும்போதெல்லாம் அவளையும் தூக்கிக் கிழக்கே வைப்பார்கள். எங்கள் அப்பா காலத்தில் இருந்த இடத்தில் இப்போது படகு போகும். பேராசிரியர் எழுதிக்கொண்டே போனார். எத்தனை வருஷப் பழமை என்று கேட்டார். கல் பழசு, இடம் புதுசு என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

என் வேலியை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அது பாரம்பரியத்தில் வராதாம்.

ஜூலை 22

அம்சவல்லி வீட்டுக்குக் கூலிப் பாக்கியாக இலைக்கட்டு கொடுக்கப் போனேன். தலையிலிருந்து அவளுடையது இரண்டாவது நிலம். முதல் நிலம் தம்பியுடையது. அவளுக்கு எழுபது முழம் இருக்கவேண்டும். நடந்து பார்த்தேன், முப்பத்தாறுகூடத் தேறாது. வெண்டை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், இரண்டு ஆடு. இதில் எப்படிக் காலம் தள்ளுகிறாள் என்று தெரியவில்லை. அவள் ஆம்பிளை இருந்தபோது கொஞ்சம் பார்த்து நட்டிருக்கலாம்.

"ஏன்டி இப்புடிச் சுருங்கிப்போச்சு?" என்று கேட்டேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ எங்கூட வெளாடுறியா, நெசமாவே கேக்கறியா?" என்றாள்.

ஜூலை 26

மேட்டூர் நிரம்பிவிட்டது என்று செய்தி. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திறந்தால் இரண்டு நாளில் இங்கே. வெட்டக்கூடிய இலையை எல்லாம் வெட்டச் சொன்னேன். பாதி முற்றவில்லை. முற்றாத இலையை அனுப்பினால் சென்னையில் பேர் கெடும், அனுப்பாவிட்டால் ஆறு கொண்டுபோகும். பேர் கெட்டாலும் பரவாயில்லை என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 29

கூட்டத்தில் பேசியது ஒவ்வொன்றாய்க் காதுக்கு வருகிறது. எனக்கு மேற்கே பன்னிரண்டு குடும்பம், கிழக்கே இருபத்தாறு. கயிறு என் வேலியில் வந்து நின்று, அந்தப் பக்கம் போய் மறுபடி தொடங்குகிறது. ஆக மேற்கே இருப்பவர்கள் என் வேலிக்கும் ஆற்றுக்கும் நடுவே நெருங்குகிறார்கள், கிழக்கே இருப்பவர்களுக்கு வாலில் வளர்கிற மண் எல்லாம் சேர்கிறது. எழுபது முழத்துக்கு எண்பத்தைந்து இருக்கிறது அவர்களுக்கு. அவர்கள் யாரும் என் வேலியைக் குறை சொல்லவில்லை. அவர்களுடைய ஆள் ராசப்பன் பட்டாவுக்கு மரியாதை கொடுக்கணும் என்று கூட்டத்தில் பேசியிருக்கிறார். எனக்கு ஆதரவாக ராசப்பன் பேசுகிறார் என்றாலே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் தப்பு வேலியில் இல்லை. ஆறு தின்கிறது. நானா தின்றேன்?

ஆகஸ்ட் 1

தண்ணீர்.

ஆகஸ்ட் 3

வடகரைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். ஆறாம் வகுப்பு அறையில் பதினோரு குடும்பம். கொட்டகைக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்தபிறகுதான் படகில் ஏறினேன். தனவேல் திட்டினான்.

தம்பியும் இதே அறையில்தான். எனக்கு இந்தச் சுவர், அவனுக்கு அந்தச் சுவர். சாம்பார் சாத வரிசையில் அவன் எனக்கு இரண்டு பேருக்கு முன்னால். திரும்பிப் பார்க்கவில்லை. சிறுவயதிலிருந்தே அவனுக்குக் கழுத்து அப்படி, ஒருதரம் நேராக வைத்தால் திருப்பவே மாட்டான்.

ஆகஸ்ட் 5

வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தண்டனை. ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். 'ஆற்றிடைத் தீவுகள் வளமான மண்ணைக் கொண்டவை.' சரிதான்.

ஆகஸ்ட் 6

பேராசிரியர் முகாமுக்கே வந்துவிட்டார், பழைய நிலப்படங்களைக் கண்ணாடித் தாளில் வரைந்து கொண்டுவந்திருக்கிறார். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். நூறு வருஷத்துக்கு முந்தைய நாணல்திட்டு ஒரு தாள், இன்றையது ஒரு தாள். இரண்டும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவில்லை. ஒரு பிடி மண்கூடப் பொது இல்லை. அப்புறம் எதை வைத்து இது அதே திட்டு என்கிறீர்கள் என்று கேட்டேன். "அதே ஆளுங்க, அதே கயித்தைப் புடிச்சிக்கிட்டு இருக்கறதால தாம்மா" என்றார்.

பிறகு பென்சிலால் என் வேலியைப் போட்டார். தலை தின்னும் வேகத்தையும் கணக்குப் போட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் என் வேலிதான் தலை. அதற்குப் பிறகு வருஷத்துக்கு முப்பது முழம் என் நிலம்தான் போகும். கிழக்கே எனக்கு ஒரு முழமும் வராது, ஏனென்றால் நான் கயிற்றில் இல்லை.

பட்டாவை ஆற்றிடம் காட்ட முடியாது. இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? இலை வாடுவதற்குள் எத்தனை மணிநேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொந்த நிலத்துக்கு எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10

திட்டுக்குத் திரும்பினோம். வாழை மூன்றில் இரண்டு பங்கு சாய்ந்துவிட்டது. குளிர் அறைக் கதவு இல்லை. தரை நன்றாக இருக்கிறது.

தலைப்பக்கம் போய்ப் பார்த்தேன். அறுபது முழம் போய்விட்டது. தம்பியின் ஆழ்துளைக் குழாய் ஆற்றுக்குள் ஒற்றையாக நிற்கிறது, சுற்றிலும் தண்ணீர். அம்சவல்லி வீட்டில் சமையல்கட்டு இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் நின்றால் கீழே ஆறு. மீதி வீடு அடுத்த தண்ணீருக்குத் தாங்காது.

மகன் இருக்கும் திருப்பூருக்குப் போய்விடப் போகிறாளாம். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை உட்கார்ந்தே செய்யலாமாம். கயிறு போட்டு நிலம் கிழக்கே நகர்ந்தால் இருப்பாள். இல்லாவிட்டால் தம்பி குடும்பத்தையும் சேர்த்து மேற்கே ஐந்து குடும்பம் இந்த மாசமே மூட்டை கட்டுகிறது.

அவளிடம் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக் கதவைக் கழற்றி மேட்டில் வை, மழையில் ஊறும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12

எழுதிவிடுகிறேன். இது என் நோட்டு, இதில்கூட மறைத்தால் எங்கே சொல்வது?

என் வீட்டுக்காரர் தவறிய வருஷம் நான் திட்டுக்குத் திரும்பி வந்தேன். மகள் அப்போது பிளஸ் டூ. அப்பா அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தார். கயிறு போடும் கூட்டத்துக்குப் போய் எனக்கும் ஒரு கயிறு வேண்டும் என்று கேட்டேன். பிறந்தது இங்கே, இருக்கப்போவது இங்கே. பெண்ணுக்குக் கயிறு கிடையாது என்றார்கள். புருஷன் கயிற்றைப் பெண்டாட்டி பிடிக்கலாம், பெண்ணாகத் தனிக்கயிறு இல்லை. அத்தனை பேரும் தம்பியைப் பார்த்தார்கள். அப்பா கயிறு அவனிடம்தான் இருந்தது. அவன் தலையைக் குனிந்து மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாசம் திருப்பூருக்குப் போன மூன்று குடும்பத்திடம் பத்திரம் வாங்கினேன். கேட்ட ஒரு கயிற்றுக்கு மூன்று கயிற்று நிலம். வேலி போட்டேன். எந்தக் கயிறு எனக்குக் கிடையாது என்றார்களோ, அந்தக் கயிறு என் இடத்துக்குள் வரக்கூடாது.

வியாபாரத்துக்காக வேலி போட்டேன் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொன்னேன். வியாபாரத்துக்கும்தான்.

ஆகஸ்ட் 13

கொட்டகைக்குள் சேறு. வாரினேன். முதுகு.

ஆகஸ்ட் 17

கரையம்மன் கல்லடியில் கூட்டம். நானே போனேன்.

நான் சுற்றிவளைக்கவில்லை. வேலியைப் பிரிக்கிறேன், எனக்கு மூன்று கயிறு வேண்டும் என்றேன். மூன்று குடும்பத்து நிலம் அது.

ராசப்பனுக்கு வியர்த்துவிட்டது. வேலி போனால் கிழக்கே இருப்பவர்கள் கூடுதலாக அனுபவித்த பதினைந்து முழம் போகும். பட்டா நிலத்தைக் கயிற்றில் சேர்ப்பது சட்டச் சிக்கல் என்றார், அப்புறம் பொம்பளைக்குத் தனிக்கயிறு வழக்கமில்லை என்றார். அதே வார்த்தை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு எழுத்து மாறவில்லை.

அப்போது தம்பி எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினான்.

"மூணு கயிறு கொண்டாந்தா மூணு வீட்டு ஆளு நின்னு புடிக்கணும். ஒத்த ஆளுக்கு ஒத்தக் கயிறுதான். பொம்பளையா ஆம்பளையான்னு கயித்துக்குத் தெரியாது."

அவனே தொடர்ந்தான். "புதுசா சேர்றவங்க வாலுக்குப் போவணும். அது வழக்கம். சம்மதமான்னு அவுங்களக் கேளுங்க."

புதுசு. இந்தத் திட்டில் பிறந்து, இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த நான் புதுசு. நாலு ஏக்கர் வாழை மண்ணைக் கொடுத்துவிட்டு, கோரைகூட ஒழுங்காக முளைக்காத வால் மணலுக்கு நான் போகவேண்டும். கொட்டகை இருக்கும் இடம் வேறு யாருக்கோ விழும். இதைவிட மோசமான பேரத்துக்கு நான் எங்கேயும் தலையாட்டியதில்லை.

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்பது கயிறு என்றால் இப்போதிருக்கும் நீளத்துக்கு ஆளுக்கு எழுபது முழம் வருகிறது. ஒருத்தர்கூடச் சுருங்க வேண்டாம். கயிற்றில் இருந்தால் ஆறு தின்னத் தின்ன நானும் கிழக்கே நகர்வேன்.

சம்மதம் என்றேன். வால் மணலுக்கும் வெள்ளத்துக்கு வெள்ளம் வண்டல் ஏறும், கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

வேலிக்கல் பிடுங்க ஆறு பேர். பிடுங்கப் பிடுங்க வருகிறது, அன்றைக்கு யார் இவ்வளவு ஆழமாக நடச் சொன்னது? நான்தான்.

ஆகஸ்ட் 24

கொட்டகையில் இருந்த நைலான் கயிற்றில் எழுபது முழம் அளந்து எடுத்துப்போனேன். புதுக் கயிறு, நீலம், லாரியையே இழுக்கும். தம்பி மனைவி தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நைலான் இழுத்தால் நீளுமாம். நீளுகிற கயிறு கொண்டுவந்தால் பக்கத்து நிலத்தைத் திருடுவதாக அர்த்தமாம். தேங்காய்நார்க் கயிறுதான், அதையும் மூன்று நாள் ஆற்றில் ஊறப்போட்டு, காயவைத்து, பிறகுதான் அளக்கவேண்டும்.

இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? அப்பா தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் அப்போது இலை கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 25

அக்கரையில் மூன்று கடை அலைந்து நார்க்கயிறு வாங்கினேன். ஊறப்போட்டிருக்கிறேன். நாறுகிறது.

ஆகஸ்ட் 28

வாலில் நண்டு வளை தெரிகிறதாம். நண்டு வளை தோண்டினால் மண் இறுகிவிட்டது என்று பொருள், இனிமேல் கயிறு போடலாம். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு. எனக்கு அன்றைக்கு இரண்டு கல்யாண ஆர்டர். தனவேல் பார்த்துக்கொள்வான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விடிந்ததும் வாலுக்குப் போனேன். சேறு முழங்கால் வரை. கோரை, நண்டு, கொக்கு, நான். வேறு யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. கயிறு தலையிலிருந்து வர வேண்டும், அதுவரை கடைசி ஆள் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை. எட்டரை ஆனது. ஒன்பதே கால் ஆனது. வெயிலில் நின்று நின்று ஆத்திரம்தான் வந்தது. நாலு ஏக்கரைக் கொடுத்துவிட்டு நண்டுக்குக் காவல் நிற்கிறேன்.

பத்து மணிவாக்கில் ராசப்பன் வாழைக்குள்ளிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தார். எனக்கு முந்தைய கயிறு அவருடையது. முகம் தொங்கிக் கிடந்தது. நுனியை நீட்டினார். என் கயிற்றைச் சேர்த்து முடிபோட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை போனேன். சரியாக இருந்தது. ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணக்கு என்றால் கணக்கு.

அம்சவல்லி தூரத்திலிருந்து சத்தம் போட்டாள். வீடு போனவளுக்கு நடுவில் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், என் கொட்டகை அவள் நிலத்தில் விழுந்திருக்கிறது. "யக்கா, உன் சிமெண்டுத் தரையில அடுப்பு வெச்சுக்கட்டா?" நான் காது கேளாததுபோல் நின்றேன். வைத்துக்கொள்ளட்டும். நான் கூரைத் தகரத்தை மட்டும் கழற்றிக்கொள்வேன்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. கடைசியாக ஒரு வழக்கம் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியாது. தலைக்கயிறு பிடிப்பவன் தலையிலிருந்து வால்வரை நடந்து வந்து ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்க்கவேண்டும். முப்பத்தெட்டு முடிச்சு. அதனால் தம்பி வந்தான்.

எனக்கும் ராசப்பனுக்கும் நடுவே இருந்த முடிச்சுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். தலைமுடி நிறைய நரைத்துவிட்டது, உச்சியில் வழுக்கை. அப்பாவுக்கு இந்த வயசில் இவ்வளவு இல்லை.

"இது இலைக்கட்டு முடிச்சு. அவுந்துரும்" என்றான்.

"பன்னெண்டு வருஷமா சென்னைக்குப் போவுது, ஒண்ணுகூட அவுழல" என்றேன்.

அவன் அவிழ்த்தான். நகத்தால் சுரண்டி, பல்லால் கடித்து, கால் மணிநேரம் ஆனது அவிழ்க்க. அவுந்துரும் என்றானே, ஏன் அவிழவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அவன் இரண்டு நுனியையும் என் கையில் கொடுத்தான்.

"நீயே போடு. ரெண்டு சுத்து. இப்புடி இல்ல, உள்ள வுட்டு எடு. அன்னைக்கு நான் பேசியிருக்கணும்க்கா. இப்ப இழு."

நடுவில் சொன்னதை நான் கேட்டேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இழுத்தேன். முடிச்சு இறுகியது. தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து, கையைக் கோரையில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் வாழைக்குள் மறைந்தபிறகு ஒரு காலை ஊன்றிக்கொண்டு முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நல்ல முடிச்சுதான். அதை நான் அவனிடம் சொல்லப்போவதில்லை.